பதிவேட்டில் நின்ற வடவெல்லை

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

திருத்தணிகை என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது மலை. ஆண்டின் நாள்களை எண்ணி அடுக்கினாற்போன்ற 365 படிகள். ஆடிக் கிருத்திகையில் காவடி சுமந்து ஏறும் மக்கள் வெள்ளம். அருணகிரியார் நாவில் தவழ்ந்த தணிகை வேலன். அம்மலையைப் பாடியவர் பலர், பேசியவர் பலர். அம்மலையின் அடியில் மணி அடித்ததும் திறந்து, மணி அடித்ததும் மூடிய வகுப்பறைகளைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலர்.

தமிழகத்தின் வடவெல்லை எங்கே காக்கப்பட்டது? போராட்டக் களத்தில் என்பர் ஒரு சாரார். நாடாளுமன்றத்தில் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் உண்மையே. ஆயினும் மூன்றாவதாக ஓரிடம் உண்டு. அதற்குக் கொடியில்லை; முழக்கமில்லை; சிலையில்லை. அது பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேடு! அப்பதிவேட்டின் கதையே இன்றைய பேச்சின் பொருள்.

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி உயர்நிலைப்பள்ளி மாணவன் ஒருவனின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்க்குப்பம், பள்ளிப்பட்டு போன்ற ஊர்கள் தறியோசையால் விழித்தெழும் ஊர்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பொழுது விடிவது ஏட்டோடன்று; நூலோடு. தந்தை தறியிலிறங்குமுன் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் பையைத் தூக்குவான். உழவர் வீட்டுப் பிள்ளை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவான். காலில் செருப்பில்லை. கையில் ஒரு தூக்கு; அதில் பழஞ்சோறு. மேற்சட்டையில் மைக்கறை. சிற்றூர்களிலிருந்து வரப்பு வழியே நடந்து, நந்தியாற்றைக் கடந்து, மணியோசைக்கு முன் பள்ளி வாயிலை அடைய வேண்டும். பிந்தினால் வெயிலில் நிற்க நேரிடும்.

கரும்பலகை தேய்ந்து வெளுத்துப் போகும். கரியை அரைத்து, கோவையிலைச் சாற்றில் குழைத்து மாணவர்களே அதைப் பூசிக் கறுப்பாக்குவர். விசிப்பலகைகள் முன்வரிசைக்குத்தான், எஞ்சியோர்க்குத் தரை. மைப்புட்டியில் தொட்டெழுதும் தூவல். ஓராண்டு அண்ணன் படித்த நூலையே மறு ஆண்டு தம்பி படிப்பான். அதன் பின் பக்கத்து வீட்டுப் பிள்ளை படிப்பான். பல பள்ளிகளில் தக்கிளியில் நூல் நூற்பதும் ஒரு பாடம். நெசவாளர் பிள்ளைகள் அந்த ஒரு பாடவேளையில் ஆசிரியரையும் மிஞ்சுவர்!

விளையாட்டுத் திடலில் இரு மொழிகளும் கேட்கும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் ஒரே சடுகுடு அணியில் நிற்பர். ஒருவன் மற்றவன் மொழியில் வசையும் கற்றான், வாழ்த்தும் கற்றான். அவ்விரு பிள்ளைகளுக்கும் இடையே பகையில்லை. அதனை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். வடவெல்லைச் சிக்கல் ஆட்சியாளர்களின் வரைபடத்தில் பிறந்தது. சிறுவர்களின் திடலில் பிறக்கவில்லை.

மணி அடிக்கும். வாழ்த்துப் பாடல் முடியும். ஆசிரியர் நீண்ட பதிவேட்டைத் திறப்பார். பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பார். மாணவன் எழுந்து விடை கூறுவான். அந்நாளில் பெரும்பாலான பள்ளிகளில் அவ்விடை ஆங்கிலத்தில் இருந்தது. ‘உள்ளேன் ஐயா’ என்னும் இனிய தமிழ்விடை பின்னர்தான் பரவியது. எம்மொழியில் சொன்னாலும் அவ்விடையின் பொருள் ஒன்றே: ‘இருக்கிறேன், எண்ணிக் கொள்ளுங்கள்.’ அந்த எண்ணிக்கை ஒரு நாள் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்பதை அச்சிறுவன் அறியான்.

அடுத்து வருவது தமிழ்ப் பாடவேளை. பெயர், வினை, இடை, உரி என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். தணிகை மாணவனுக்கு அப்பாடம் வேறெவர்க்கும் இல்லாத உரிமைப் பொருள். ஏனெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கணத்தைப் பள்ளி மாணவர்க்கு எளிய உரைநடையில் தந்த முன்னோடிகளுள் ஒருவர் அவன் ஊரின் பெயரையே தாங்கியவர். திருத்தணிகை விசாகப்பெருமாளையர் அவர்! தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவரிடம் கற்றவர் கந்தப்பையர். அவருடைய மக்கள் இருவர்: விசாகப்பெருமாளையர், சரவணப்பெருமாளையர். மூத்தவர் சென்னையில் தமிழ்ப் புலவராக விளங்கி, நன்னூலுக்குக் காண்டிகையுரையும், ‘பாலபோத இலக்கணம்’ என்னும் பள்ளி இலக்கண நூலும் எழுதினார். இளையவர் திருக்குறளை உரையோடு அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவர். சென்னை நகரத்துப் பள்ளிகளுக்கு இலக்கணம் கொடுத்த ஊர் தணிகை. அந்த ஊரில் தமிழ் கற்பிக்க வேண்டுமா என்ற வினா ஒரு காலத்தில் எழுந்ததே, அதைவிட வரலாற்றுக் கொடுமை வேறுண்டா?

பிற பாடங்களுக்கும் வருவோம். விடுதலைக்கு முன்னரே உயர்நிலை வகுப்புகளில் தமிழ் பயிற்று மொழியாக வரத் தொடங்கியிருந்தது. ‘தமிழில் அறிவியல் சொல்ல முடியுமா?’ என்று எள்ளியவர்கள் அன்றும் இருந்தனர். அவர்களோடு வழக்காடிக் காலத்தை வீணாக்காமல், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் பள்ளிப் பாடங்களுக்குரிய கலைச்சொற்களைத் தொகுத்து 1938-இல் வெளியிட்டனர். வேலை செய்வதே விடையாயிற்று. நாளடைவில் பூகோளம் புவியியலாயிற்று, சரித்திரம் வரலாறாயிற்று, இரசாயனம் வேதியியலாயிற்று, பிராணவாயு உயிர்வளியாயிற்று. சிற்றூர் மாணவன் ‘உயிர்வளி’ என்னும் சொல்லைக் கேட்ட நொடியிலேயே பாதிப் பாடத்தைக் கற்று விடுகின்றான். சொல்லே ஆசிரியனாகின்றது. தாய்மொழி வழிக் கல்வியின் உயிர்நிலை இதுதான்.

இவ்வாறு ஓடிக்கொண்டிருந்த பள்ளி நாள்களின் நடுவே 1953 அக்டோபர் 1 வந்தது. சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் முழுதும் ஆந்திரத்துக்குச் சென்றது. அம்மாவட்டத்திலிருந்த திருத்தணியும் அதனோடு சென்றது. மலை இடம் பெயரவில்லை. ஆறு திசை மாறவில்லை. பள்ளிக் கூரையின் ஓர் ஓடும் அசையவில்லை. ஆனால் முதல்நாள் மாலை சென்னை மாநிலப் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய மாணவன், மறுநாள் ஆந்திர மாநிலப் பள்ளியின் மாணவனாகிப் போனான்!

ஒரே வீட்டில் இரு உடன்பிறந்தார் இருந்ததாக வைத்துக் கொள்ளுங்கள். அந்நாள் பள்ளிக் கல்வி பதினோராண்டு. ஆறாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை ஆறாண்டு உயர்நிலைப் படிப்பு. அண்ணன் 1953 சூன் திங்களில் ஆறாம் வகுப்பில் சேர்கின்றான். அவன் சேர்ந்தது சென்னை மாநிலத்தில். நான்கே திங்களில் ஊர் ஆந்திரத்துக்குப் போய்விடுகின்றது. 1959-இல் பள்ளியிறுதி வகுப்பை ஆந்திர மாநிலத்தில் முடிக்கின்றான். தம்பி 1955-இல் சேர்கின்றான். அவன் சேர்ந்தது ஆந்திரத்தில். 1961-இல் முடிப்பது சென்னை மாநிலத்தில்! ஒரே தாய், ஒரே வீடு, ஒரே வகுப்பறை. இறுதிச் சான்றோ இரு வேறு மாநிலங்களுடையது. எல்லைச் சிக்கல் என்பது மலைக்கும் ஆற்றுக்கும் உரிய செய்தி என்று எண்ணுவோர் இவ்விருவரையும் எண்ணிப் பார்க்கட்டும். எந்த மொழியில் மேற்படிப்பு? எந்த மாநிலத்தில் வேலை? எந்த அலுவலகத்துக்கு எந்த மொழியில் விண்ணப்பம்? பதினைந்து வயதுப் பிள்ளையின் தலைமேல் இத்தனை வினாக்கள்!

1956-இல் சென்னை மாநிலத் தொடக்கப்பள்ளிகளில் காமராசர் ஆட்சி நண்பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. அப்போது திருத்தணி அம்மாநிலத்தில் இல்லை. எல்லைக்கோடு வரைபடத்தின்மீது மட்டும் விழுவதன்று. பிள்ளையின் சோற்றுத் தட்டின்மீதும் விழுகின்றது.

இங்கேதான் வருகைப் பதிவேடு வரலாற்றினுள் நுழைகின்றது. 1949 ஆகத்துத் திங்களில் மாகாணக் கல்வியமைச்சர்களின் மாநாடு ஒரு நெறியை வகுத்தது. தொடக்கப்பள்ளி ஒன்றில் வட்டார மொழியல்லாத தாய்மொழி பேசும் பிள்ளைகள் பள்ளி முழுதும் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பட வேண்டும் என்பது அந்நெறி. அரசு, மாவட்டக் கழக உயர்நிலைப்பள்ளிகளிலோ மாணவருள் மூன்றிலொரு பங்கினர் கேட்டாக வேண்டும். 1956-இல் அரசியலமைப்புச் சட்டத்தில் 350அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்குமாறு அது மாநிலங்களைப் பணிக்கின்றது. ஆனால் தொடக்கக் கல்வி அளவில் மட்டும்!

இதன் பொருள் என்ன? ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழிக்கு ஓரளவு காப்பு உண்டு. ஆறாம் வகுப்பு வாயிலில் அக்காப்பு தளர்ந்து போகின்றது. அ, ஆ எழுதத் தாய்மொழி. அறிவியல் கற்க வேறு மொழி என்று ஆகுமானால், அம்மொழி அடுப்பங்கரையோடு நின்றுவிடும். ஒரு மொழி அறிவு மொழியாக வாழ்வதும், பேச்சு மொழியாகத் தேய்வதும் உயர்நிலைப்பள்ளியில் முடிவாகின்றது. தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் ஆசிரியர் உண்டு. ஒருவன் வீட்டு வறுமையால் தறிக்குப் போய்விட்டால் ஒன்பது! அந்த ஒருவனின் வருகை எத்துணைப் பெரிது! முகவை மாணவனும் நெல்லை மாணவனும் தங்கள் பெயர் அழைக்கப்பட்டபோது தங்களுக்காக மட்டும் விடை சொன்னார்கள். எல்லைப்புற மாணவன் தன் மொழிக்காகவும் சேர்த்து விடை சொன்னான்.

அந்த எண்ணிக்கையை நிரப்பியவர்கள் யாவர்? புகழ்பெற்ற தலைவர்கள் உண்டு. 1946-இல் தமிழரசுக் கழகம் கண்ட ம.பொ. சிவஞானம் வடவெல்லைப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். திருத்தணி விநாயகம் போன்ற அப்பகுதித் தலைவர்கள் அவருடன் தோள் கொடுத்தனர். மக்கள் அடிபட்டனர், சிறை புகுந்தனர். இவையனைத்துக்கும் அடித்தளமாக ஒரு பள்ளியாசிரியர் இருந்தார். அவர் மங்கலங்கிழார். திருத்தணி, அரக்கோணம், குருவராயப்பேட்டைப் பகுதிச் சிற்றூர்களில் நடந்து நடந்து தமிழ் கற்பித்தவர் அவர். அறநெறித் தமிழ்ச்சங்கம் கண்டு, கூலியெதிர்பாராது பாடஞ் சொன்னவர். ‘தமிழ்நாடும் வடவெல்லையும்’ என்னும் நூலை எழுதியவர். எல்லையை மீட்க வேண்டுமானால் முதலில் எல்லையில் வாழ்வோர் தமிழ் எழுதப் படிக்க வேண்டும் என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர். 1953 ஆகத்து 31-இல் அவர் மறைந்தார். ஒரு திங்கள் கழித்துத் திருத்தணி ஆந்திரத்துக்குச் சென்றது. அவர் கண்ணை மூடினார். அவர் திறந்த கண்களோ ஆயிரமாயிரம். அவரிடம் படித்தவர்கள் தத்தம் ஊரில் ஆசிரியராயினர். அவர்களிடம் படித்தவர்கள் பதிவேட்டை நிரப்பினர்.

பின் என்ன நிகழ்ந்தது? எல்லைச் சிக்கலைத் தீர்க்க படாசுகர் நடுவராக அமர்த்தப்பட்டார். சிற்றூரை அலகாகக் கொள்வது, நிலத் தொடர்ச்சியைப் பார்ப்பது, எம்மொழி பேசுவோர் மிகுதி என்று காண்பது; இவை அவர் கொண்ட அளவுகோல்கள். மக்கள்தொகைக் கணக்கில் ஒவ்வோர் ஊரும் எம்மொழியைத் தன் மொழியாகச் சொல்லியிருந்தது என்பதே தீர்ப்பின் கருவாயிற்று. கணக்கெடுக்க வருவோரிடம் ‘எம் மொழி தமிழ்’ என்று தெளிந்து சொல்லும் உணர்வை ஊட்டுவது எது? கூட்டம் ஒரு நாள் ஊட்டும்; பள்ளி நாள்தோறும் ஊட்டும்.

1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாண்டில் மாநிலங்களவையின் தலைவராக இருந்தவர் திருத்தணியில் பிறந்த இராதாகிருட்டிணன் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. தெலுங்கு பேசும் வீட்டில் 1888 செப்டம்பர் 5-இல் பிறந்து, திருத்தணியில் எழுத்தறிந்து, மேற்கல்விக்குத் திருப்பதிக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் சென்றவர் அவர். 1960 ஏப்பிரல் 1-ஆம் நாள் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மாற்றாகச் சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. திருப்பதியும் திருக்காளத்தியும் சித்தூரும் வரவில்லை. ஆறரை ஆண்டுப் பிரிவுக்குப்பின் தணிகை மீண்டது. தமிழர் கேட்ட அனைத்தும் மீளவில்லை. மகிழ்ச்சியும் வருத்தமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

பெருமக்களே! இவ்வளவு பழங்கதையும் எதற்காக? தணிகை தமிழகத்தில் இருக்கின்றது. எல்லைக்கல் அசையவில்லை. ஆனால் அந்த வருகைப் பதிவேடு இன்று எப்படி இருக்கின்றது?

2006-இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் ஒரு பாடமாக வேண்டும் என்றது. 2010-இல் தமிழ்வழி படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் வந்தது. இவை நல்லவை. ஆனால் தமிழ் ஒரு பாடமாக இருப்பது வேறு; பாடங்களெல்லாம் தமிழில் இருப்பது வேறு. முன்னது தமிழுக்கு ஒரு மணி நேரம் தருவது. பின்னது தமிழுக்கு அறிவுலகத்தையே தருவது. கடந்த பத்துப் பதினைந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியுள்ளன. தனியார் பள்ளிகளைச் சொல்லவே வேண்டியதில்லை. எந்தப் பதிவேட்டை நிரப்ப எல்லைப்புறத்து ஏழை நெசவாளி, தறிக்கு வேண்டிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினானோ, அந்தப் பதிவேட்டைச் செல்வமும் செல்வாக்கும் பெற்ற பின்னர் அவன் பெயரனே விட்டு நீங்குகின்றான். அன்று ஓர் அரசாணை செய்ய முடியாததை இன்று பெற்றோரின் ஒரு கையொப்பம் செய்துவிடுகின்றது!

பெற்றோரைப் பழிப்பதால் பயனில்லை. அவர்கள் அஞ்சுகின்றனர். தமிழில் படித்தால் பிள்ளை பின்தங்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டுள்ளது. அவ்வச்சத்துக்கு விடை முழக்கமன்று, நல்ல பள்ளி. ஆங்கிலத்தை ஒரு மொழியாகத் திறம்படக் கற்பிக்கும் தமிழ்வழிப் பள்ளி. ஆய்வுக்கூடம் உள்ள தமிழ்வழிப் பள்ளி. கல்லூரிப் பாடத்துக்கும் நூல் கிடைக்கும் தமிழ். இவற்றைக் கொடுக்காமல் ‘தமிழில் படி’ என்பது, பசித்தவனுக்கு உணவின் பெருமையைப் பாடுவது போன்றது.

எனவே செய்யத்தக்கவை சில. முதலாவது, சூன் திங்களில் சேர்க்கை நடைபெறும்போது, தமிழ்ப்பற்றுள்ள ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையின் பெயரைத் தமிழ்வழிப் பதிவேட்டில் எழுதட்டும். மேடையில் பேசுவோர் வீடு முதலில் எழுதட்டும். இரண்டாவது, பழைய மாணவர்கள் தாம் படித்த பள்ளிக்குச் சென்று, தமிழ்வழிப் பிரிவில் எத்தனை பேர், எத்தனை ஆசிரியர், ஆய்வுக்கூடத்தில் என்ன குறை என்று கேட்டு, இயன்றதை நிறைக்கட்டும். மூன்றாவது, எல்லைக்கு அப்பால் நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளை மறவாதிருக்கட்டும். அங்கு ஒரு தமிழாசிரியர் பணியிடம் நிலைப்பதும் ஒழிவதும் பதிவேட்டுப் பெயர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததே. அவர்களுக்கு நூல் வேண்டும், ஆசிரியர் வேண்டும், உறவு வேண்டும். நான்காவது, எல்லைக்கு இப்பால் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைக்கும் அவன் தாய்மொழியைக் கற்கும் உரிமை உண்டு என்பதைத் தமிழர் நெஞ்சாரப் போற்றட்டும். ஆறரை ஆண்டுகள் அவ்வுரிமைக்கு ஏங்கிய ஊர் அதனைப் பிறர்க்கு மறுத்தல் அறமாகாது.

மங்கலங்கிழார் தாம் பாடஞ் சொன்ன மண் மீண்டதைக் காணவில்லை. அவருக்குக் கல்லில் நினைவு எழுப்புவது எளிது. அவர் விரும்பியிருக்கக்கூடிய நினைவுச் சின்னமோ ஒரு தமிழ்வழி வகுப்பு. அதில் நிறைந்த பிள்ளைகள். எழுந்து நின்று அவர்கள் சொல்லும் விடை. வரும் சூன் திங்களில் பள்ளிகள் திறக்கும். பதிவேடுகள் புதிதாகக் கட்டப்படும். முதல் பக்கம் வெறுமையாய் இருக்கும். அதை நிரப்புவது உங்கள் கையில்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்வழிக் கல்வி!